லிப்டில் ஏறினால் எடை கூடுமா?

பதினோராம் வகுப்புப் பெண் பௌதிகக் கணக்கோடு மல்லுக்கு நிற்கிறாளா? "நமக்கென்ன தெரியும்!" என்று அடுப்பங்கரைக்கு நழுவிவிடாதீர்கள், அம்மணி!

இதோ ஒரு கணக்கு. 50 கிலோ உள்ள ஒரு மாது, லிப்டுக்குள் எடை பார்க்கும் யந்திரத்தின் மேல் நிற்கிறாள். வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வேகம் கூடி லிப்ட் மேலே கிளம்புகிறது. யந்திரம் என்ன காட்டும்?

பெண் சூத்திரத்தைத் தேடுவாள். வேண்டாம்; முதலில் படம் போடட்டும். மாதை இழுப்பது யார், தள்ளுவது யார்? பூமி கீழே இழுக்கிறது: 50-ஐ 9.8-ஆல் பெருக்க, 490 நியூட்டன். யந்திரம் மேலே தள்ளுகிறது. இரண்டே அம்புகள்தாம்! மேல்நோக்கி வேகம் கூட வேண்டுமானால் தள்ளுகிற கைதான் ஓங்க வேண்டும். எவ்வளவு? 50 பெருக்கல் 2, அதாவது 100. ஆக 590 நியூட்டன். யந்திரத்தின் முள் 60 கிலோவைத் தாண்டிவிடும், ஒரு கவளம்கூடச் சாப்பிடாமலே!

இனிமேல்தான் வம்பு. லிப்ட் ஒரே சீரான வேகத்தில் மேலே போனால்? "மேலேதானே போகிறது, மேல் விசைதான் அதிகம்" என்று கெட்டிக்காரப் பிள்ளைகளும் எழுதிவிட்டு மார்க்கைக் கோட்டை விடுகிறார்கள். வேகம்தான் மாறவில்லையே! இரண்டு விசையும் சமம். முள் 50-லேயே நிற்கும். 1687-ல் நியூட்டன் அச்சிட்ட முதல் விதி இதுதான்.

சரி, மேல் மாடியை நெருங்கி லிப்ட் வேகம் தணிகிறபோது? விடையைப் பெண்ணிடமே கேளுங்கள். படம் போட்ட பிறகு!