தோட்டத்தின் மேலே 800 கிலோவோல்ட்

“எங்க காட்டுல டவர் நிக்குது. தலைக்கு மேல அவ்வளவு கரண்ட் போகுது. எங்க மோட்டாருக்கு மட்டும் மும்முனை எப்ப வரும்னு காத்துக் கெடக்கணுமா?” உயரழுத்த லைன் போகிற கொங்குப் பகுதி ஊர்களில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளமானது.

சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரு லைன் வருகிறது. 800 கிலோவோல்ட் அழுத்தம், 6,000 மெகாவாட் திறன். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அளவு மின்சாரத்தைக் கொண்டுபோகும்போது கம்பியில் சூடாக வீணாவது நாலில் ஒரு பங்காகக் குறையும். தூரத்து மின்சாரத்துக்கு இவ்வளவு அழுத்தம் அதனால்தான். நம் பம்புசெட்டுக்குத் தேவையோ 400 வோல்ட் சொச்சம். துணை மின்நிலையங்களில் படிப்படியாக இறக்கி, ஊர் டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்த பிறகே அது மோட்டாருக்கு ஆகும். நடுவழியில் கொக்கி போட முடியாது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம். ராய்கர் - புகளூர் லைனில் வருவது நேர்மின்சாரம். மாறுமின்சாரத்தில் இணைந்த மின்நிலையங்கள் எல்லாம் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி. நொடிக்கு 50 சுற்று என்ற வேகத்தில் எல்லாமே சேர்ந்து நடக்க வேண்டும். உற்பத்தியைவிடத் தேவை கூடினால் அந்த வேகம் குறையும். ரொம்பக் குறைந்தால் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். நேர்மின்சார லைன், மதகு வைத்த வாய்க்கால் போன்றது. எவ்வளவு விட வேண்டும் என்று இங்கே உட்கார்ந்து தீர்மானிக்கலாம். காற்றாலை மின்சாரம் மிஞ்சுகிற மாதங்களில் திசையைத் திருப்பி வடக்கே அனுப்பவும் வழி இருக்கிறது.

மதகின் அருமை 2012 ஜூலையில் தெரிந்தது. 30ம் தேதி வட மாநிலத் தொகுப்பு விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றுமே விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருண்டது. அப்போது தென்மாநிலங்கள் மற்ற தொகுப்புகளோடு நேர்மின்சார வழிகளில் மட்டுமே இணைந்திருந்தன. அங்கிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றதும் இங்கேயும் வேகம் 49க்குக் கீழே இறங்கியது. கருவிகள் தாமாகவே சில மின்பாதைகளைத் துண்டித்தன. மற்றபடி தெற்கு நிமிர்ந்து நின்றது. 2013 டிசம்பர் 31ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தெற்கும் ஒரே நுகத்தில் சேர்ந்தது. திடீரென்று சில நிமிடம் கரண்ட் போய் வந்தால் எல்லாமே லைன்மேன் குறும்பு என்று எண்ண வேண்டாம். சில நேரம் தொகுப்பைக் காப்பாற்ற நடப்பது.

நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் அதன் பாரம் யார் காட்டில் இறங்குகிறது? இந்த லைன்கள் 1885ம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தில் போடப்பட்டவை. நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை, பட்டா விவசாயி பேரிலேயே இருக்கும், தென்னை வைக்க முடியாது, விற்கப் போனால் விலை இறங்கும். சாலையோரம் கேபிளாகப் புதைக்கச் சொல்லி விவசாயிகள் போராடியது இதனால்தான். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் லைனில் கேரளப் பகுதியில் சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்குள்தான் போகிறது. 800 கிலோவோல்ட்டைப் புதைப்பது வேறு கணக்கு. செலவும் தொழில்நுட்பமும் பல மடங்கு. ஆனாலும் விவசாயிகள் கேட்டது நடவாத காரியம் என்று தள்ளிவிட முடியாது.

இழப்பீட்டில் மாற்றம் வந்திருக்கிறது. மத்திய மின்துறையின் 2015 வழிகாட்டுதலில் டவர் அடி நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். மாநில அரசு ஏற்றால்தான் நடைமுறைக்கு வரும் என்பதால், புதிதாக லைன் வரும் ஊர்க்காரர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் எந்த விகிதம் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தொகை போதாது என்றால் மாவட்ட நீதிமன்றம் போக அந்தப் பழைய சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

லைனுக்குக் கீழே கடலை, சோளம், மஞ்சள், காய்கறி தாராளமாகப் போடலாம். போர்வெல் வண்டியின் நெடிய கம்பத்தை அங்கே நிமிர்த்தவே கூடாது. ரெயின்கன் தண்ணீர் கம்பிப் பக்கம் பீய்ச்சாமல் பார்க்க வேண்டும். மாறுமின்சார லைனுக்கு இணையாக நீளமான கம்பி வேலி இருந்தால் அதில் மின்சாரம் தூண்டப்படும். சரியாக எர்த் செய்ய வேண்டும். மரம் வெட்ட ஆள் வருமுன் ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, வயது, காய்ப்பு குறித்து, போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய பிறகு மரக் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும்.