தந்தமா, எலும்பா, கொம்பா?

பாட்டி விட்டுச்சென்ற பெட்டியில் வெள்ளை நிற வளையலோ சிமிழோ கிடைத்தால், வீட்டில் உடனே அதற்குத் ‘தந்தம்’ என்று பெயர் வைத்துவிடுவோம். தந்தமுள்ள யானையைக் ‘கொம்பன்’ என்று அழைப்பவர்கள் நாம். குழப்பம் வருவது இயல்புதான். ஆனால், விமான நிலையத்தை அருகிலேயே வைத்திருக்கும் டெங்கில்வாசிகள், இதைப் பெட்டியில் வைத்துப் பயணம் புறப்படும் முன் ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது.

2022 ஜூலையில் கிள்ளான் துறைமுகத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கொள்கலனில் மரப் பலகைகளுக்குப் பின்னால் சுமார் 6,000 கிலோ தந்தங்களைச் சுங்கத்துறை பிடித்தது. காண்டாமிருகக் கொம்புகளும் பிற விலங்குகளின் எலும்புகளும் உடன் இருந்தன. மொத்த மதிப்பு 8 கோடி வெள்ளி.

பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் நீங்களும் ஓரளவு கண்டறியலாம்.

தந்தம்: யானையின் பல். குறுக்காக வெட்டிய பக்கத்தில் மெல்லிய வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோலத் தெரியும். ‘ஷ்ரேகர் கோடுகள்’ எனப்படும் இவைதாம் முக்கிய அடையாளம்.

எலும்பு: வலைக்கோடு இருக்காது. இரத்தக் குழாய்கள் ஓடிய தடங்கள் கரும்புள்ளிகளாகவும் சிறு கீறல்களாகவும் தெரியும்.

மான்கொம்பு: கிளைவிடும் இந்தக் கொம்பும் எலும்புதான். கடமான், புள்ளிமானுக்கு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிப்புறம் கெட்டி, நடுவில் பஞ்சுபோல் துளைகள்.

மாட்டுக்கொம்பு: உள்ளெலும்பின் மேல் உறைபோல் வளர்வது. நம் நகமும் முடியும் போன்றே கெரட்டினால் ஆனது, உதிராது. மெல்லிய பகுதியை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும். காண்டாமிருகக் கொம்பும் கெரட்டின்தான், ஆனால் உள்ளே எலும்பு இல்லை.

பிளாஸ்டிக்: கோடுகள் இருந்தாலும் அச்சடித்ததுபோல் ஒரே சீராக இருக்கும். வலைக்கோடு இருக்காது.

ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்காதீர்கள்; பொருள்தான் கெடும். செதுக்கு வேலைப்பாடு மிகுந்த பொருளில் கோடுகள் மறைந்திருக்கலாம். அதனால் சந்தேகம் இருந்தால் முடிவை நிபுணரிடம் விடுங்கள்.

அது தந்தம்தான் என்றால்? அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுசெல்லக் கூடாது. மலேசியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டுப்படுத்துகிறது. இந்தியாவில் தந்த வணிகத்துக்கே தடை. ‘பாட்டி சொத்து’ என்ற பதில் மட்டும் சுங்கத்தில் எடுபடாது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் ‘அசல் தந்தம்’ என்று காட்டினால், விலை பேசாமல் நகர்ந்துவிடுங்கள். பொய்யென்றால் பணம் போகும். மெய்யென்றால் அதன் பின்னால் ஒரு யானையின் உயிர் போயிருக்கலாம்.