கோடை ஆய்வகத்தின் கதவு செப்டம்பரில் திறக்கிறது

"சார், செமஸ்டர் முடிஞ்சதும் ஐ.ஐ.டி.யில ரெண்டு மாசம் ஏதாவது ரிசர்ச் பண்ணலாம்னு இருக்கேன். யாரைப் பார்க்கணும்?"

பொறியியல் கல்லூரிகளில் ஏப்ரல் கடைசியில் ஆசிரியர்கள் தவறாமல் எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு மாணவர். அரியர் இல்லாதவர், மேலே படிக்கலாமா என்ற எண்ணம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருப்பவர். நல்ல கேள்விதான், ஆனால் கேட்பதற்கான காலம் கடந்துவிட்டது. கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் திட்டத்துக்கான விண்ணப்பம் முந்தைய செப்டம்பரிலேயே முடிந்திருக்கும். ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு இந்திய மாணவர்களுக்கென்றே தரும் 'வைஸ்' உதவித்தொகைக்குக் கெடு அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாக்கில் வந்துவிடும். நம் நாட்டு அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு மழைக்காலத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். ஐ.ஐ.டி.கள் தனித்தனியாக நடத்தும் திட்டங்கள் பொங்கலுக்குப் பின் தொடங்கி மார்ச்சுக்குள் மூடிவிடுகின்றன. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின் ஆகலாம், பருவம் மாறுவதில்லை.

ஏப்ரலில் மிச்சம் இருப்பவை, பணம் கட்டினால் இரண்டு வாரத்தில் சான்றிதழ் அனுப்பும் 'இன்டர்ன்ஷிப்' கடைகள். அவற்றில் ஆய்வு எதுவும் நடப்பதில்லை. உண்மையான கோடை ஆய்வுத் திட்டம் மாணவரிடம் கட்டணம் கேட்காது, அதுதான் கையில் பணம் தரும். வேறு எதையும் விசாரிக்காவிட்டாலும் இதை மட்டுமாவது விசாரித்துவிட வேண்டும்.

ஐ.ஐ.டி.யிலும் என்.ஐ.டி.யிலும் படிப்பவருக்கு இந்தத் தேதிகளை விடுதியில் பக்கத்து அறை சீனியர் சொல்லிவிடுவார். விருதுநகரிலோ தருமபுரியிலோ படிக்கும் மாணவிக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அவருடைய சி.ஜி.பி.ஏ. ஒன்பதாக இருக்கலாம். பள்ளியிலிருந்தே கணக்கில் கெட்டிக்காரராக இருக்கலாம். விஷயம் காதுக்கு எட்டும்போது கெடு முடிந்திருக்கும். இதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. ஏனென்றால் இந்தத் திட்டங்களில் பல, அவரைப் போன்றவர்களை மனதில் வைத்தே உருவானவை.

பொறியியல் படிப்பில் நான்கு வருடம் முழுக்க, விடை தெரிந்த கேள்விகளுக்கே பதில் எழுதுகிறோம். ஆய்வகப் பாடமும் அப்படித்தான். என்ன வர வேண்டும் என்று ரெக்கார்டு நோட்டில் ஏற்கெனவே இருக்கும். வராவிட்டால் பக்கத்து பேட்ச் ரீடிங்கை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். இறுதியாண்டு ப்ராஜெக்டைக்கூட விலைக்கு வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றிப் பல காலமாகிறது. இப்படிப் படித்து வந்தவர் எம்.எஸ்., பி.எச்டி. என்று கிளம்பும்போது, ஆராய்ச்சி என்றால் என்னவென்று பார்க்காமலேயே வாழ்க்கையில் ஐந்து வருடத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார். அந்த முடிவுக்கு முன்னால் எட்டு வாரம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர இத்திட்டங்கள் வழிசெய்கின்றன.

உள்ளே என்ன நடக்கும்? ஓர் உலோகவியல் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். முப்பரிமாண அச்சில் உருவாக்கிய எஃகுத் துண்டு ஒன்றைக் கொடுத்து, இதன் நுண்ணமைப்பைப் பார்த்துச் சொல் என்பார் பேராசிரியர். துண்டை அறுத்து, பிடித்துக்கொள்ள வசதியாகப் பிசினில் பதித்து, எமரி தாளில் தேய்க்கத் தொடங்க வேண்டும். முதலில் 220, அப்புறம் 400, 600, 800, 1200. தாள் மாறும் ஒவ்வொரு முறையும் துண்டை 90 டிகிரி திருப்பிப் பிடிக்க வேண்டும். முந்தைய தாள் விட்ட கோடுகள் புதிய கோடுகளுக்குக் குறுக்கே தெரியும், அவை முழுக்க மறையும்வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. பிறகு சுழலும் தட்டில் ஒட்டிய வெல்வெட் துணி, அதன்மேல் அலுமினாக் கலவை. முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பானதும் நைட்டாலில் சில விநாடி முக்கி எடுக்க வேண்டும். நைட்டால் என்பது எத்தனாலில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்த கரைசல். ஒரு கணம் தாமதித்தால் பரப்பு கறுத்துவிடும், மறுபடி எமரி தாளுக்கே போக வேண்டியதுதான்.

முதல் வாரம் முழுக்க இதிலேயே கழியும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் குறுக்கே ஒரு கீறல் தெரியும், திரும்பவும் 400. ஒருநாள் கீறலே இல்லாத பரப்பு கிடைக்கும். அதில், பாடப் புத்தகத்தில் பார்த்த எந்தப் படத்தோடும் பொருந்தாத ஊசி ஊசியான ஓர் அமைப்பு இருக்கும். மாணவர் ஓடிப்போய்ச் சொல்வார். பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்பார்: "இது உலோகத்துல இருக்கா, இல்ல நீ தேய்ச்சதுல வந்ததா? எப்படித் தெரியும்?"

ஆராய்ச்சி இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. இன்னொரு துண்டை வேறு மாதிரி மெருகேற்றிப் பார்க்கலாம், வேறு கரைசல் போட்டுப் பார்க்கலாம், கடினத்தன்மையை அளந்து பார்க்கலாம். எதைச் செய்வது என்று ரெக்கார்டு நோட்டில் இல்லை. இந்த நிலையில் சிலருக்கு இரவு தூக்கம் போய்விடும், மறுநாள் ஏழு மணிக்கே ஆய்வகத்தின் வாசலில் நிற்பார்கள். சிலருக்கு, "இது நமக்கு ஒத்து வராதுப்பா" என்று தெளிவாகிவிடும். இரண்டாவது வகையினர் தோற்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை. இருபத்தோராம் வயதில், யாருடைய பணத்தையும் வீணாக்காமல் அதைத் தெரிந்துகொண்டு நல்ல வேலைக்குப் போனவர் பெரிய ஆதாயத்தோடுதான் திரும்பியிருக்கிறார்.

இளநிலை மாணவரை ஆய்வகத்துக்குள் விடும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1969-ல் மார்கரெட் மெக்விகார் என்ற இயற்பியலாளர் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார். போலராய்டு கேமராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட் அதற்குத் துணை நின்றார். கால்டெக்கின் கோடைத் திட்டம் 1979-ல் வந்தது. அங்கே மாணவரே வழிகாட்டியோடு பேசி ஆய்வு முன்மொழிவு எழுத வேண்டும், பத்து வாரம் அதைச் செய்ய வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்.இ.யு. திட்டம் 1987-ல் தொடங்கியது. ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ பத்து மாணவர்கள். அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. திட்டத்தை நடத்தும் பல்கலைக்கழகம் தன் சொந்த மாணவர்களை வைத்தே இடங்களை நிரப்பிக்கொள்ளக் கூடாது, ஆய்வு வசதி குறைந்த சிறு கல்லூரிகளிலிருந்து ஆட்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். இந்தத் திட்டம் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ உள்ளவர்களுக்கு மட்டுமானது. இங்கிருந்து அதற்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே கல்லூரியில் படிக்கும் நம் அக்கா பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.

நம்மூர்ப் பிள்ளைகளுக்கு முதல் வாசல் அறிவியல் கழகங்களுடையது. மேகநாத் சாஹா 1930-ல் அலகாபாத்தில் நிறுவியது ஒன்று, சி.வி. ராமன் 1934-ல் பெங்களூரில் நிறுவியது இன்னொன்று, டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் கழகம் மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம். தேர்வானால் நாட்டின் ஏதோ ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் சேர்த்துவிடுவார்கள். உதவித்தொகையும் உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. மதிப்பெண்ணோடு, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு சிறு குறிப்பும் கேட்பார்கள், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். பலர் கோட்டை விடுவது அந்தச் சிறு குறிப்பில்தான். "எனக்குச் சிறு வயது முதலே அறிவியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் குறிப்பு யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. வகுப்பில் உறுத்திய ஒரு சந்தேகத்தை, அதை எப்படிச் சோதிக்கலாம் என்று தோன்றியதை நாலு வரியில் எழுதினாலே போதும்.

ஐ.ஐ.டி. மெட்ராஸின் கோடைத் திட்டம் வெளிக் கல்லூரி மாணவர்களுக்கென்றே இருக்கிறது, ஐ.ஐ.டி. மாணவர்கள் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், தரமணியில் கட்டுமானப் பொறியியல் ஆய்வு மையம், அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம் என்று பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்திலும் வாய்ப்புகள் இருக்கின்றன. பேட்டரியும் துருப்பிடித்தலும் படிக்க ஆசைப்படும் சிவகங்கை மாவட்டத்துப் பிள்ளை பெங்களூரைப் பற்றி மட்டுமே கேள்விப்பட்டிருப்பது நியாயமில்லை.

ஜெர்மனிக்குப் போக முதலில் அங்கே ஒரு பேராசிரியரின் சம்மதக் கடிதம் கையில் வேண்டும், அதற்கு அப்புறம்தான் உதவித்தொகைக்கு விண்ணப்பம். ஆகவே எல்லாம் ஒரு மின்னஞ்சலில் தொடங்குகிறது. 'மதிப்புக்குரிய ஐயா/அம்மா' என்று ஆரம்பித்து, 'தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்' என்று நீட்டி, நூறு பேருக்கு ஒரே நேரத்தில் போகும் கடிதம் ஒரு நொடியில் குப்பைக்குப் போய்விடும். அந்தப் பேராசிரியர் சமீபத்தில் எழுதிய ஒரு கட்டுரையை எடுத்து, புரிந்த அளவுக்குப் படித்து, "உங்கள் நான்காம் வரைபடத்தில் ஓட்டத்தின் வேகம் கூடும்போது வெப்பப் பரிமாற்றம் ஓர் இடத்தில் குறைகிறதே, குழாயின் வளைவு காரணமா?" என்று கேட்கும் கடிதத்தை அவர் நின்று படிப்பார். பதில் வராமல் போகவும் செய்யும். பத்து பேருக்குத் தனித்தனியாக அப்படி எழுதினால் பத்துக் கட்டுரை படித்த லாபமாவது மிஞ்சும். கனடாத் திட்டத்தில் இந்தத் தேடல் கிடையாது. பேராசிரியர்கள் பதிந்து வைத்திருக்கும் ஆய்வுப் பட்டியலிலிருந்து நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம், ஆய்வு பன்னிரண்டு வாரம் நடக்கும்.

வீட்டில் கேட்கும் கேள்வி வேறு. "அந்த ரெண்டு மாசத்துல ஜாவா கோர்ஸ் போனா வேலையாவது கிடைக்கும்ல?" அப்பா கேட்பதில் தப்பில்லை, அவருக்குக் கணக்கைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போகும் பிள்ளைக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அதே நாட்டில் பி.எச்டி. மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளமும் உண்டு. பி.இ. முடித்த கையோடு அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆய்வகத்தில் வேலை செய்ததைப் பார்த்த ஒருவர் எழுதும் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் அந்த இடம் கிடைப்பது கஷ்டம். "இந்த மாணவர் ஒழுக்கமானவர், தவறாமல் வகுப்புக்கு வருபவர்" என்று துறைத் தலைவர் எழுதுவது அங்கே எடுபடாது. "கருவி தப்பாகக் காட்டுகிறது என்று இவர்தான் கண்டுபிடித்தார்" என்ற ஒரு வரி எடுபடும்.

இந்தியாவிலும் ஆராய்ச்சி வெறும் தியாகம் இல்லை. கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய். பி.எச்டி.யில் இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் 37,000. பிரதமரின் ஆய்வு உதவித்தொகை 2018-ல் அறிவிக்கப்பட்டபோது முதல் இரண்டு வருடத்துக்கு மாதம் 70,000 என்று வைத்தார்கள். ஐ.ஐ.டி.களிலும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யிலும் எம்.டெக். இல்லாமலே நேரடியாகப் பி.எச்டி. சேரும் வழியும் இருக்கிறது.

கல்லூரிகளிடம் எனக்கு ஒரு குறை உண்டு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உதவித்தொகை கிடைத்த மாணவர் மே நடுவில் போய்ச் சேர வேண்டும். இங்கே செமஸ்டர் தேர்வு மே கடைசிவரை இழுக்கும். அது பல்கலைக்கழகத்தின் கையில். ஆனால் அதே கோடையில் ப்ளேஸ்மென்ட் பயிற்சியைக் கட்டாயமாக்கி, போகாதே என்று தடுப்பது கல்லூரியின் கையில். போனஃபைட் சர்டிஃபிகேட்டுக்கு மாணவரை ஒரு வாரம் அலுவலகத்துக்கு நடக்க விடுவதும் கல்லூரிதான். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது சுவரில் மாட்டுவதற்கு மட்டும் அந்த மாணவரின் புகைப்படம் வேண்டியிருக்கிறது. ஆகஸ்டில் இந்தத் தேதிகளை ஒரு தாளில் அச்சடித்துத் துறை நோட்டீஸ் போர்டில் ஒட்ட எந்தச் செலவும் இல்லை.

அறிவியல் கழகங்களின் அதே திட்டத்தில் கல்லூரி ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. இதை நம் ஆசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். பதினைந்து வருடமாகத் தெர்மோடைனமிக்ஸ் நடத்தும் ஓர் அம்மா இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால், அடுத்த ஜூலையில் அவர் வகுப்பு வேறு மாதிரி இருக்கும். அங்கே பழகிய விஞ்ஞானியிடம், "என் ஸ்டூடண்ட் ஒருத்தி இருக்கா, வெல்டிங்ல நல்லா யோசிப்பா" என்று தொலைபேசியில் சொல்ல அவரால் முடியும். விருதுநகர் மாணவிக்கு இதுவரை இல்லாத சீனியர் அவர்தான். அந்த விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே மாணவரா, ஆசிரியரா என்று கேட்பார்கள்.