வோல்டேஜை ஏத்தாதீங்க... இறக்குங்க பாஸ்!

மே மாச மதியம். மணவூர் ஸ்டேஷன்ல லோக்கல் டிரெயினை விட்டு இறங்கினா, பிளாட்பாரம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். வீட்டுக்குப் போய் ஃபேனைப் போட்டா, லோ வோல்டேஜ்ல அது ஆடி அசைஞ்சு சுத்தும். ‘இந்த வோல்டேஜ் கொஞ்சம் ஏறக் கூடாதா முருகா’ என்று திருத்தணி பக்கம் பார்த்துக் கும்பிடுற ஆளுங்க நாம.

ஆனா உலகத்துல ஒரு கோஷ்டி இருக்கு. கிராபிக்ஸ் கார்டோட வோல்டேஜை, கையில ஒரு குட்டிப் பெட்டியை வெச்சுக்கிட்டு தாங்களே ஏத்திக்கிற கோஷ்டி! (வீட்டுக்கு வர்ற 230 வோல்ட் வேற, இது வேற. குழப்பிக்காதீங்க.) அந்தப் பெட்டியோட கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, டியூஷன் எடுத்து, பாக்கெட் மணி சேர்த்து நீங்க வாங்கின கார்டு இந்த வெயில்ல தப்பிக்கும். எப்படின்னு பார்க்கலாமா?

ஒரு வோல்ட்... 150 ஆம்பியர்!

பவர் சப்ளையில் இருந்து கார்டுக்கு வருவது 12 வோல்ட். ஆனால் சிப்புக்குத் தேவை சுமார் 1 வோல்ட்தான். இறக்கிக் கொடுப்பது கார்டு மேலேயே உட்கார்ந்திருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர். செல்லமா ‘விஆர்எம்’. சிப் 150 வாட் இழுக்குதுன்னு வெச்சுக்குங்க. 1 வோல்ட்டில் அது 150 ஆம்பியர்! ஒன்றரை டன் ஏ.சி.யே 7, 8 ஆம்பியர்தான் பாஸ்.

ஓவர்கிளாக்கிங் என்பது கம்பெனி வெச்ச வேகத்தைத் தாண்டி சிப்பை ஓட வைப்பது. ஓர் எல்லைக்கு மேல் டிரான்சிஸ்டர்கள் அந்த வேகத்துக்கு ஆன், ஆஃப் ஆக முடியாமல் திணறும். ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா கோலம் வரும், இல்லாட்டி கேம் அப்படியே ஹேங்! அப்போ வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பாகும். இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும்.

பென்சில் டு பெட்டி

2000-களில் இதுக்கு ஆயுதம் என்ன தெரியுமா? பென்சில்! தான் கொடுக்கிற வோல்டேஜ் சரியா இருக்கான்னு விஆர்எம், சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள் வழியா வேவு பார்த்துக்கிட்டே இருக்கும். அதில் சரியான ரெசிஸ்டர் மேல் பென்சிலால் கிறுக்கினால், கிராஃபைட் வழியாகவும் கரன்ட் போகும். ரெசிஸ்டன்ஸ் குறையும். விஆர்எம் ஏமாந்துபோய், ‘அடடா, வோல்டேஜ் கம்மியா இருக்கே’ன்னு கூட்டிக் கொடுத்துடும். அதையும் தாண்டினவங்க, வேரியபிள் ரெசிஸ்டரை சால்டர் பண்ணித் திருகினாங்க.

2010 வாக்கில், இந்தத் திருட்டு வேலையை அதிகாரபூர்வமா ஆக்கியது இவிஜிஏ என்ற அமெரிக்க கம்பெனி. அதன் ‘இவிபாட்’ ஒரு கையடக்கப் பெட்டி. சின்ன ஸ்கிரீன், சில பட்டன்கள். ‘கிளாசிஃபைட்’ ரக கார்டுகளில் இருந்த சாக்கெட்டில் கேபிளைச் செருகினால் போதும். கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜை மாற்றலாம். விண்டோஸைக் கேட்க வேண்டாம், டிரைவர் போட்ட லிமிட்டையும் மதிக்க வேண்டாம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்றி ரெக்கார்டு போடுற பார்ட்டிகளுக்கு அது வரப்பிரசாதம்!

என்விடியா போட்ட பூட்டு

2012 மார்ச்சில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 680 வந்தது. சிப்புக்கு உச்ச வோல்டேஜ் 1.175 என்று லிமிட். இவிஜிஏ தன் 680 கிளாசிஃபைட் கார்டில் இவிபாட் சாக்கெட் வைத்து, அந்த லிமிட்டைத் தாண்ட வழி கொடுத்தது. அதே வருஷம் அக்டோபரில் பார்த்தால், சாக்கெட்டைக் காணோம்! கார்டு டிசைன்களுக்கு அனுமதி கொடுக்கும் ‘கிரீன் லைட்’ திட்டத்தை வைத்து என்விடியா கறாரா இருந்ததுதான் காரணம்.

‘காசு கொடுத்து வாங்கினது நான், வோல்டேஜ் வைக்கிறது நீயா?’ என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ‘ஓவரா ஏத்தினா சிப்போட ஆயுசு குறையும்’ என்றது என்விடியா. அதுவும் உண்மைதான். சிப்புக்குள் ஓடும் வயர்கள் முடியை விட மெல்லியவை. கரன்ட்டும் சூடும் கூடக் கூட, உலோக அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா இடம் பெயரும். ஒருநாள் வயரே அறுந்து போகலாம். அதுக்கப்புறம் வாரன்டி சென்டர் வாசல்ல நிற்கப் போறது யாரு? நாமதான்.

2022 செப்டம்பரில் இவிஜிஏ கிராபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டு விலகிவிட்டது. ஆனால் பெட்டி சாகவில்லை. ஸ்வீடன்காரரான ஓவர்கிளாக்கர் எல்மோர் உருவாக்கிய ‘இவிசி2’ என்ற குட்டி போர்டு இருக்கிறது. ஒரு பக்கம் யுஎஸ்பி. இன்னொரு பக்கம் ‘ஐ-ஸ்கொயர்-சி’ வயர்கள். அவற்றை கார்டில் சால்டர் பண்ணி, விஆர்எம்மோடு நேரடியா பேசலாம். சால்டரிங் அயர்ன் பட்ட நிமிஷமே வாரன்டிக்கு டாட்டா சொல்லிடணும், அவ்வளவுதான்!

நம்ம ஊர் கணக்கு

சிப் கக்கும் சூடு, வேகத்தோடு நேரடியாகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 1.175-ஐ 1.30 வோல்ட் ஆக்கி, 10 சதவிகிதம் வேகம் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். சூடு எவ்வளவு கூடும்? ஏறக்குறைய 35 சதவிகிதம்! பத்து வாங்க முப்பத்தஞ்சு கொடுக்கிற வியாபாரம்.

கார்டு, ரூம் சூட்டை விட 45 டிகிரி அதிகமா ஓடுதுன்னு வைங்க. 25 டிகிரி ஏ.சி. ரூமில் அது 70. திருத்தணி பக்கம் கோடையில் 40 டிகிரி சகஜம். அங்கே அது 85. ஃபேன் வேகத்தை மாத்தாம 35 சதவிகிதச் சூட்டையும் ஏற்றினால், 45 என்பது 60-ஐத் தாண்டும். மொத்தம் 100! ஜிடிஎக்ஸ் 680-க்கு என்விடியா சொன்ன உச்ச வரம்பே 98 டிகிரிதான். வரம்பை நெருங்கினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, ஏத்தின வேகமும் போச்சு!

இறக்கினா லாபம்

இப்போ கணக்கை அப்படியே திருப்பிப் போடுங்க. வேகத்தைத் தொடாம, 1.175-ஐ 1.075 ஆக்கினால் சூடு 16 சதவிகிதம் குறையும். இதுக்குப் பேர் அண்டர்வோல்ட்டிங்.

‘அப்போ கம்பெனியே குறைச்சு வெச்சிருக்கலாமே?’ நல்ல கேள்வி. ஸ்கூல் யூனிஃபார்மை எல்லாருக்கும் ரெண்டு இன்ச் லூஸா தைப்பாங்க இல்லையா, அதே மாதிரிதான். எல்லா சிப்பும் ஒரே தரத்தில் வராது. சுமாரான சிப்பும் தடுமாறாம ஓடணும்னு கொஞ்சம் கூடுதலா வைப்பாங்க. உங்க சிப் நல்ல சிப்பா இருந்தா, அந்த லூஸைப் பிடிக்கலாம்.

பெட்டியும் வேணாம், சால்டரும் வேணாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசை (2016) முதல் வந்த கார்டுகளில், அதைத் திறந்து கன்ட்ரோல் + எஃப் அழுத்தினால் வோல்டேஜ்-வேகம் கிராஃப் வரும். முதலில் இப்போதைய வேகத்தையும் டெம்பரேச்சரையும் நோட்டில் எழுதுங்க. பிறகு அதே வேகத்தை 25 மில்லிவோல்ட் கம்மியில் வையுங்க. ஒரு மணி நேரம் கேம் ஆடுங்க. ஓகேவா? இன்னொரு 25. கிராஷ் ஆனால் ஒரு படி மேலே வந்துடுங்க. பயம் வேணாம், வோல்டேஜ் குறைஞ்சா கேம் நிக்குமே தவிர சிப் எரியாது. ஒரே ஒரு கண்டிஷன்: முழுசா டெஸ்ட் பண்ணி முடிக்கிற வரைக்கும், விண்டோஸ் ஆன் ஆகும்போதே செட்டிங் அப்ளை ஆகிற ஆப்ஷனைத் தொடாதீங்க. தொடாம விட்டா, ரீஸ்டார்ட் பண்ணதும் எல்லாம் பழையபடி ஆகிடும். சில லேப்டாப்களில் இந்த வசதியைப் பூட்டி வெச்சிருப்பாங்க, பார்த்துக்குங்க.

திருத்தணி மலைக்கு 365 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், வியர்த்துக் கொட்டும். ஒவ்வொரு படியா நிதானமா இறங்கும்போதுதான் முகத்துல காத்து அடிக்கும். உங்க கார்டுக்கும் அந்தக் காத்தைக் கொஞ்சம் காட்டுங்க பாஸ்!