நிற்கப்போகிற நேரத்தில் நிற்காத உதிரப்போக்கு

45 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் பத்துப் பதினைந்து நாளாக உதிரம் நிற்கவில்லை என்றால், "நிற்கப்போற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அதில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்க்கிறது. சினைப்பையிலிருந்து முட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது. புரோஜெஸ்டிரோன் குறையும்போது சவ்வு மொத்தமாகக் கழன்று, சில நாளில் உதிரம் நின்றுவிடுகிறது. நாற்பதுகளில் பல மாதங்கள் முட்டை வெளியாவதே இல்லை; புரோஜெஸ்டிரோனும் இல்லை. சவ்வு வளர்ந்துகொண்டே போய், பழைய சுண்ணாம்புச் சுவர் போல அங்கங்கே உதிர்கிறது. இரண்டு மாதம் வராமலிருந்து, வந்தால் நிற்காமல் போவது இதனால்தான்.

இப்படித் தடித்த சவ்வு சிலருக்கு நாளடைவில் புற்றுநோயாக மாறலாம். உடற்பருமன் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது.

ஹார்மோன் மட்டுமே காரணமல்ல. ஃபைப்ராய்டு கட்டி, உட்சவ்வில் தொங்கும் பாலிப், சவ்வுத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் புகுந்து வளரும் அடினோமயோசிஸ் ஆகியவை இந்த வயதில் சாதாரணம். தைராய்டு குறைபாடு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, காப்பர்-டி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம். 47 வயதில் கர்ப்பமா என்று சிரிக்க வேண்டாம்; மருத்துவர் அதையும் சோதித்துப் பார்ப்பார்.

எட்டு நாளைத் தாண்டினாலோ, கட்டிகட்டியாகப் போனாலோ, உடலுறவுக்குப் பின் உதிரம் கண்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மணிக்கொரு நாப்கின் நனைந்தால், தலை சுற்றினால், அன்றைக்கே போக வேண்டும். மாடி ஏறும்போது இரைப்பதை வயதின் மேல் போட்டுவிடுகிறோம். பல நேரம் அது உதிரப்போக்கால் வந்த ரத்தசோகை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், 45 தாண்டியவர்களுக்கு உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பயாப்ஸி ஆகியவற்றில் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

"எடுத்துப் போட்டுடலாம்" என்ற பேச்சுதான் நம் ஊரில் சீக்கிரம் வந்துவிடுகிறது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் மாதவிடாயின்போது அதிக உதிரப்போக்கு அல்லது வலி. புற்றுநோய் இல்லையென்றால், புரோஜெஸ்டிரோன் மாத்திரை, டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் என வேறு வழிகள் உண்டு. அவற்றைப் பற்றிக் கேட்காமல் அறுவைக்குச் சம்மதிக்க வேண்டியதில்லை.

மாதவிடாய் வராமல் 12 மாதம் முழுசாகக் கழிந்த பிறகு உதிரம் கண்டால் கணக்கே வேறு. அப்போது எட்டு நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஒரு சொட்டுப் பட்டாலும் பரிசோதனை செய்தாக வேண்டும்.