ஆளுக்கு இரண்டு சுரம்

கைமணிக் குழுவில் ஒருவர் வராமல் போனால், அன்றைய பாட்டில் இரண்டு சுரங்கள் இருக்காது. வயலின் குழுவில் ஒரு வயலின் குறைந்தால் ஒலி சற்று மெலியும், அவ்வளவுதான். சேர்ந்து பாடும் குழுவில் ஒருவருக்குத் தொண்டை கட்டினால் பக்கத்தில் நிற்பவர் குரலை உயர்த்திச் சமாளித்துவிடுவார். கைமணியில் அந்தச் சமாளிப்புக்கு இடமில்லை. வலது கையில் ஒரு மணி, இடது கையில் ஒரு மணி, ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுரம். மெட்டு முழுவதும் பத்துப் பதின்மூன்று பேரின் கைகளில் பிரிந்து கிடக்கிறது. தன் பங்கை மட்டும் தனியாக அடித்துப் பார்க்கும் ஒருவருக்கு அது என்ன பாட்டு என்றே தெரியாது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தேவாலயங்கள், பள்ளிகள், ஊர் மன்றங்கள் எனப் பல இடங்களில் இத்தகைய குழுக்கள் இருக்கின்றன. சிறிய குழுவிடம் இரண்டு ஸ்தாயி அளவுக்கு 25 மணிகள் இருக்கும். மூன்று ஸ்தாயிக்கு 37, ஐந்து ஸ்தாயிக்கு 61. இந்தக் குழுக்கள் வட்டாரம் வட்டாரமாக ஒரே கூடத்தில் கூடி, நாள் முழுக்கப் பயிற்சி செய்து, முடிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு கச்சேரி நடத்துகிறார்கள். நூற்றுக்கணக்கான மணிகள் ஒரே தாளத்தில் ஒலிக்கும் அந்தக் கூடத்தை ஒலியியல் மாணவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பாடப் புத்தகத்தில் விம்மல், கணு, மேற்சுரம் என்று படித்தவை எல்லாம் அங்கே காதால் கேட்கக் கிடைக்கின்றன.

முதலில் மணியைப் பார்ப்போம். நம் வீட்டுப் பூஜை மணியின் நாக்கு எந்தப் பக்கமும் ஆடும். ஆங்கிலேயக் கைமணியின் நாக்கு அப்படி ஆடாது. கீல் வைத்துப் பொருத்தியிருப்பதால் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் மட்டும் அசையும். ஒருமுறை விளிம்பைத் தொட்டதும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிடும். ஒரு வீச்சுக்கு ஒரே ஒரு ஒலி. இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் கைமணியால் தாளம் காட்ட முடியாது.

நாக்கை ஒரே கோட்டில் நிறுத்துவதற்கு இன்னும் ஆழமான காரணமும் உண்டு. அடிபட்டதும் மணியின் வட்டமான வாய் நீள்வட்டமாக நெளிகிறது. வட்டத்துக்குத் திரும்பி, அடுத்து குறுக்கே நீள்வட்டமாகிறது. இதுவே அதன் அடிப்படை அதிர்வு. அந்த வாயைச் சுற்றிலும் நான்கு இடங்கள் அசையாமல் நிற்கும், அவை கணுக்கள். வார்ப்பு எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் சுவரின் கனம் எல்லாப் பக்கமும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. அதனால் நீள்வட்டம் எந்தத் திசையில் நெளிகிறது என்பதைப் பொறுத்து அதிர்வெண் மயிரிழை மாறும். இரண்டு திசை அதிர்வுகளும் சேர்ந்து கிளம்பினால் ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். பள்ளியில் விம்மல் என்று படித்தது இதைத்தான். ஆகவே மணி செய்பவர்கள் விளிம்பைச் சுற்றித் தட்டிப் பார்த்து, ஒலி துடிக்காமல் தெளிவாக எழும் இடத்தைக் கண்டுபிடித்து, நாக்கு அந்த இடத்தை மட்டும் தொடும்படி பொருத்துகிறார்கள். இரண்டில் ஒரு அதிர்வு எழுகிறது, மற்றொன்று உறங்குகிறது.

அடுத்தது மேற்சுரம். வீணைத் தந்தியில் அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என ஒழுங்காக மேற்சுரங்கள் எழும். மணிக்கு அந்த ஒழுங்கு இயற்கையில் கிடையாது. கடைசலில் சுரண்டிச் சுரண்டித்தான் வரவழைக்க வேண்டும். தேவாலயக் கோபுரத்தில் தொங்கும் பெரிய மணியின் ஒலியில், ஆதார சுரத்துக்கு மேலே சாதாரண காந்தாரத்துக்கு நெருக்கமான ஒரு சுரம் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். தூரத்துக் கோபுர மணியில் ஒரு சோகம் இழையோடுவதாகத் தோன்றுவதற்கு அது ஒரு காரணம் என்பது என் எண்ணம். கைமணியில் அந்தக் காந்தாரம் இல்லை. அடிப்படைக்கு மூன்று மடங்கு அதிர்வெண்ணில், அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தில், இரண்டாவது அதிர்வு அமையும்படி மணியின் சுவரைக் கடைந்திருப்பார்கள். இதனால்தான் பத்து மணிகள் ஒன்றாக ஒலித்தாலும் சுரக்கூட்டு கலங்காமல் நிற்கிறது. கோபுர மணிகளைக் கொண்டு அதே சுரக்கூட்டை எழுப்பினால், சட்ஜத்தோடு வரும் சாதாரண காந்தாரமும், பாட்டு கேட்கிற அந்தர காந்தாரமும் ஒன்றோடொன்று உரசும்.

அமெரிக்காவின் வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் தாமஸ் ராஸிங் இந்த அதிர்வுகளை லேசர் ஹாலோகிராம் முறையில் படம்பிடித்து ஆராய்ந்தார். அவருடைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. ஒரே சுற்றளவுள்ள வட்டத்தைவிட நீள்வட்டத்தின் பரப்பு குறைவு. ஒரு முழு அதிர்வுக்குள் மணியின் வாய் இரண்டு முறை நீள்வட்டமாகிறது. உள்ளேயிருக்கும் காற்றும் இரண்டு முறை வெளியே பிதுங்குகிறது. அதனால் மணியின் வாய்க்கு நேர் எதிரே அடிப்படைச் சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண், அதாவது மேல் சட்ஜம், தூக்கலாகக் கேட்கும். பக்கவாட்டில் நின்றால் அடிப்படைச் சுரம் ஓங்கும். ஒரே மணிதான், ஆனால் நிற்கும் இடத்துக்கு ஏற்ப ஒலியின் குணம் மாறுகிறது. ஒலித்துக்கொண்டிருக்கும் மணியை நிமிர்த்திப் பிடித்து மெல்லச் சுழற்றும் ஒரு நுணுக்கம் வாசிப்பவர்களிடம் உண்டு. ஓங்கும் நான்கு பக்கங்களும் தணியும் நான்கு பக்கங்களும் மாறி மாறிக் கேட்பவரைக் கடந்து போவதால் ஒலி அலைபாய்கிறது.

மணியின் உலோகம் வெண்கலம்: ஏறத்தாழ 80 விழுக்காடு செம்பு, 20 விழுக்காடு வெள்ளீயம். வெள்ளீயம் கூடக் கூட உலோகம் கடினமாகி, அதிர்வை உள்ளுக்குள் தின்றுவிடாமல் நெடுநேரம் வைத்திருக்கும். ஆனால் எளிதில் உடையும். நெடுநேரம் ஒலிப்பது கைமணியின் அழகு, அதுவே அதன் சிக்கலும்கூட. முந்தைய சுரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தால் அடுத்த சுரக்கூட்டு குழம்பிவிடும். எனவே சுரத்தின் கால அளவு முடிந்த நொடியில் மணியைத் தோளில் அணைத்து ஒலியை அடக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் அடிப்பதைச் சில நாளில் பிடித்துக்கொள்வார்கள். அடக்குவதற்குத்தான் நெடுநாள் பிடிக்கிறது. நல்ல குழுவையும் சுமாரான குழுவையும் பிரித்துக் காட்டுவது சுரங்கள் தொடங்கும் இடம் அல்ல, முடியும் இடம் என்பேன். எல்லா மணிகளும் ஒரே கணத்தில் ஓயும்போது கூடத்தில் விழும் இடைவெளியும் பாட்டின் ஒரு பகுதி.

வாசிப்பவர்கள் கையுறை அணிவது வியர்வை உப்பு வெண்கலத்தைக் கருக்கச் செய்யும் என்பதால். மேசைமேல் தடிமனான நுரைப்பஞ்சு விரித்திருப்பது மணிகளைப் பாதுகாக்க மட்டுமல்ல. பாட்டின் சில இடங்களில் மணியை அந்தப் பஞ்சின்மேல் வேகமாக அழுத்தியே ஒலிக்கச் செய்வார்கள். எழும் ஒலி உடனே அமுங்கி, தந்தியைச் சுண்டியதுபோல் நறுக்கென்று முடியும்.

இந்தக் கலை தொடங்கிய கதை கோபுரங்களில் இருக்கிறது. இங்கிலாந்தில் தேவாலய மணிகளை வரிசை மாற்றி மாற்றி அடிப்பது ஒரு பெரிய வித்தை. ஏழு மணிகளை எத்தனை வரிசைகளில் அடிக்கலாம்? 5040. ஒரு வரிசைகூடத் திரும்ப வராமல் அத்தனையையும் மனத்தில் வைத்து அடிப்பதற்கு மூன்று மணி நேரம்வரை ஆகும். குளிர்ந்த கோபுரத்தில், ஊரே கேட்க, தப்பும் தவறுமாகப் பழகுவதைவிட, வீட்டிலோ விடுதியிலோ கணப்பருகே உட்கார்ந்து சின்ன மணிகளில் பழகுவது வசதி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்ட்ஷயர் மாவட்டத்து ஆல்ட்போர்ன் கிராமத்தில் ராபர்ட் கோர், வில்லியம் கோர் என்ற சகோதரர்கள் சுருதி சேர்த்த கைமணிகளைச் செய்யத் தொடங்கினார்கள். பயிற்சிக் கருவியாக வந்தது மெல்ல மெல்லப் பாட்டு வாசிக்கும் கருவியாயிற்று. மான்செஸ்டரின் பெல் வியூ பூங்காவில் 1855 முதல் 1920கள்வரை போட்டிகள் நடந்தன. லங்காஷயர், யார்க்ஷயர் நெசவாலை ஊர்களின் தொழிலாளர் குழுக்கள் அதற்காக ஆண்டு முழுக்கத் தயாராகும்.

அமெரிக்காவுக்கு இதை முதலில் கொண்டுபோனவர் கேளிக்கை வியாபாரி பி.டி. பார்னம். 1840களில் லங்காஷயர் குழு ஒன்றை அழைத்துப்போய், சுவிட்சர்லாந்து உடை மாட்டி, சுவிஸ் மணிக் கலைஞர்கள் என்ற பெயரில் ஊர் ஊராகக் காட்டினார். ஆனால் அங்கே கலை வேரூன்றியது பாஸ்டன் நகரத்து மார்கரெட் ஷர்க்ளிஃப் என்ற பெண்மணியால். 1902இல் லண்டன் சென்று மணியடிப்பதில் தேர்ச்சி காட்டிய அவருக்கு, ஒயிட்சாப்பல் வார்ப்பாலையின் ஆர்தர் ஹியூஸ் ஒரு தொகுதி கைமணிகளைப் பரிசளித்தார். அந்த மணிகளோடு ஊர் திரும்பிய மார்கரெட் 1923இல் பீக்கன் ஹில் குழுவை உருவாக்கினார். 1937இல் நியூ இங்கிலாந்து வட்டாரச் சங்கம் பிறந்தது. 1954இல் தேசியச் சங்கம். பிரிட்டனில் தேசிய அமைப்பு 1967இல்தான் வந்தது. வட்டாரத்துக்குப் பிறகே தேசம் என்ற அமெரிக்க வரிசையைக் கவனிக்க வேண்டும். இந்தக் கலைக்குப் பக்கத்து ஊர்க்காரர் தேவைப்படுகிறார்.

ஏன் தேவைப்படுகிறார் என்பது கூடல் நடக்கும் இடத்துக்குப் போனால் புரியும். பெரும்பாலும் விளையாட்டு அரங்கம்போல ஒரு பெரிய கூடம். வரிசை வரிசையாக மேசைகள். பாட்டுகள் மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் ஊரில் பழகிவிட்டு வந்திருக்கும். தாள்களில் அவரவர் சுரங்கள்மேல் மட்டும் வண்ணம் தீட்டியிருப்பார்கள், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. அமெரிக்க வட்டார விழாக்கள் சிலவற்றில், தொடக்க நிலையினர் வெள்ளீயக் குழு, தேறியவர்கள் செம்புக் குழு எனப் பிரிந்து பழகுவார்கள். இரண்டும் கலந்தால் வெண்கலம். இந்தப் பெயர்களை வைத்தவரின் ரசனையை வியக்கிறேன். குழு இல்லாமல் தனியாக வருபவர்களையும் ஒன்றுசேர்த்து அங்கேயே ஒரு குழு ஆக்கிவிடுவார்கள். இரண்டு ஸ்தாயி மணிகள் மட்டுமே வைத்திருக்கும் சின்ன ஊர்க் குழு, தன் பக்கத்து மேசையில் ஐந்து ஸ்தாயியின் கனத்த மந்தர மணிகள் முழங்குவதைக் கேட்பதும் அங்கேதான். மந்தர மணிகள் விலை கூடியவை, எடையும் அதிகம். மால்மார்க் நிறுவனம் அவற்றை அலுமினியத்தில் செய்யத் தொடங்கியபோது எடை குறைந்தது. அதே சுரத்துக்கு வாய் அகலமானதால் தாழ்ந்த ஒலி காற்றில் நன்றாகப் பரவவும் வழி பிறந்தது.

நூறு பேர் ஒன்றாக வாசிக்கும்போது ஒலியின் வேகமே குறுக்கே நிற்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி முன்வரிசையில் எழும் ஒலி கடைசி வரிசைக்கு வந்துசேரப் பத்தில் ஒரு நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டின் கால் பாகம் எட்டில் ஒரு நொடி. அதாவது, முன்வரிசையைக் காதால் கேட்டு அடிப்பவர் கிட்டத்தட்டக் கால் தட்டு பிந்திவிடுவார். இசைக்காரர்களுக்கு எல்லா இடத்திலும் சொல்லப்படும் அறிவுரை காதைக் கூர்மையாக்கு என்பது. இங்கே அதற்கு நேர்மாறு: காதை நம்பாதே, நடத்துநரின் கையைப் பார். ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. கண்ணால் சேர்ந்து அடித்தாலும், மேடையில் நிற்கும் நடத்துநரின் காதுக்குக் கடைசி வரிசை பிந்தித்தான் வரும். அதைத் தாண்டி அவர் தாளத்தைப் பிடித்து நிற்க வேண்டும். நிதானமான பாட்டுகளே இத்தகைய கூட்டு வாசிப்பில் சோபிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேகப் பாட்டுகளை ஒற்றைக் குழுவிடம் கேட்பதே நல்லது.

சுருதியும் கவனிக்கத்தக்கது. ஒரு குழுவின் மணி 880 அதிர்வுகளிலும் பக்கத்துக் குழுவின் அதே மணி 881இலும் இருந்தால், நொடிக்கு ஒரு விம்மல் எழும். பத்துக் குழுக்கள், வெவ்வேறு வார்ப்பாலைகள், வெவ்வேறு வயதுள்ள மணிகள். தனி மணியில் தவிர்க்கப் பாடுபட்ட அந்தத் துடிப்பு, கூடம் முழுவதும் மென்மையாகத் திரும்பி வருகிறது. ஆனால் பல மணிகளின் விம்மல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் அது குறையாகத் தெரிவதில்லை. ஒலி தடித்துச் செறிவாகிறது. ஒற்றைக் குழுவால் எந்நாளும் எழுப்ப முடியாத ஒலி அது.

1570 முதல் இயங்கிய ஒயிட்சாப்பல் வார்ப்பாலை 2017இல் லண்டனில் மூடப்பட்டது. பிக் பென் மணியை 1858இல் வார்த்த இடம். மணி செய்யும் கை தலைமுறை தலைமுறையாக வருவது. அப்படி ஒரு கூடம் மூடப்படுவதை என்னால் சாதாரணச் செய்தியாகப் படிக்க முடியவில்லை. ஆயினும் கலை சுருங்கிவிடவில்லை. ஜப்பான், கொரியா, ஹாங்காங், எஸ்டோனியா எனக் குழுக்கள் பரவியிருக்கின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவதொரு நாட்டில் பன்னாட்டுக் கூடலும் நடக்கிறது. விலை குறைந்த, இசைக்கவை வடிவத்து அலுமினியக் குழாய்க் கருவிகளில் பள்ளிக் குழந்தைகள் இதே முறையில் பழகுகிறார்கள்.

கைமணிக் குழுக்கள் உள்ள நாடுகளில் வாழும் தமிழர்கள் டிசம்பர் மாதம் பக்கத்துத் தேவாலயத்தில் கைமணிக் கச்சேரி என்ற அறிவிப்பைப் பார்த்தால் போய் வரலாம். மாடி இருக்கை கிடைத்தால் அதையே எடுங்கள். மணிகள் வாய் மேல்நோக்கி ஒலிப்பதால், மேல் சட்ஜத்தின் பளபளப்பு அங்கே கூடுதலாகக் கேட்கும். அடுத்த பாட்டுக்குக் கீழே வந்து பக்கவாட்டில் உட்கார்ந்தால் வேறுபாடு தெரியும். மேசையின் ஒரு கோடியில் மந்தர மணி பிடித்திருப்பவரையும் கவனியுங்கள். கனத்த நாக்கு விளிம்பைத் தொட நேரம் எடுக்கும் என்பதால், மற்றவர்களின் கை அசைவதற்கு ஒரு கணம் முன்பே அவர் கை கிளம்பியிருக்கும்.