மீனுக்குப் புதுத் தண்ணீர் ஆகாது!

கண்ணாடித் தொட்டி வாங்கியாச்சு. மோட்டார், ஃபில்டர், பச்சைக் கலர் கூழாங்கல், மூடியைத் திறந்து திறந்து மூடும் பிளாஸ்டிக் புதையல் பெட்டி... எல்லாம் வந்தாச்சு. பளிங்கு மாதிரி தண்ணீர். அதில் எட்டு மீன். ஆபீஸ் விட்டு வந்ததும் பேன்ட்டைக்கூட மாற்றாமல் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் மேனேஜர் முகமே மறந்து போகும்!

இந்தச் சந்தோஷம் சரியாக ஒரு வாரம். அப்புறம் தினம் காலையில் ஒன்று மிதக்கும்.

உடனே மீன் விற்ற கடைக்காரருக்கு அர்ச்சனை நடக்கும். இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரர் கண். ஆனால் புதுத் தொட்டியைப் பொறுத்தவரை முக்கால்வாசி நேரம் குற்றவாளி அந்தப் பளிங்குத் தண்ணீர்தான்.

''சுத்தமான தண்ணியில மீன் ஏன் சார் சாகணும்?'' என்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பி.காம். எதையும் வரவு-செலவாகப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். அப்படியே சொல்லிவிடுகிறேன்.

தொட்டியில் வரவு என்பது நாம் போடும் தீனி. அதைத் தின்றுவிட்டு மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியே விடுகிறது. தின்னாமல் அடியில் தங்கும் தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. ஆற்றில் இது போய்க்கொண்டே இருக்கும். பாபநாசம் கோயில் படித்துறையில் நாம் பாக்கெட் பாக்கெட்டாகப் பொரி போட்டாலும் தாமிரபரணி இழுத்துக்கொண்டு போய்விடும். தொட்டிக்குப் போக்கிடம் ஏது? செலவுப் பக்கமே எழுதாத பேரேடு மாதிரி ஏறிக்கொண்டே போகும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. தொட்டியில் இருக்கும் அளவுக்கு நம் மூக்குக்கும் தெரியாது. நமக்குப் பளிங்கு, மீனுக்கு விஷம்!

இந்தக் கணக்கைத் தீர்க்க இயற்கை இரண்டு குமாஸ்தாக்களை வைத்திருக்கிறது. இரண்டு பேரும் பாக்டீரியாக்கள். முதல் ஆள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவார். அதுவும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். இரண்டாவது ஆள் அதை நைட்ரேட்டாக மாற்றுவார். அது அவ்வளவு மோசமில்லை. செடிகளுக்கு உரம். மிச்சத்தை நாம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம்.

இந்த ஆசாமிகளை 1890-ல் பிரித்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. தொட்டிகளில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பெயர் நைட்ரோஸ்பைரா என்று 1998-ல்தான் தெரிந்தது. 2015-ல் இன்னொரு ஆச்சரியம். இதே நைட்ரோஸ்பைரா வகையில் சிலர் இரண்டு வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஆள்குறைப்பு அங்கேயும் வந்துவிட்டது, பாருங்கள்!

சிக்கல் என்னவென்றால், புதுத் தொட்டியில் இவர்கள் வந்து சேர்ந்து முழு பலத்தோடு வேலையை ஆரம்பிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன்களோ முதல் நாளே வந்துவிடுகின்றன. அந்த இடைவெளிதான் மீன்களுக்குக் கண்டம்.

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருவோம்.

அம்பாசமுத்திரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். என்னைவிடச் சின்னவர். மகள் கேட்டாள் என்று இரண்டடித் தொட்டி வாங்கினார். எட்டு மீன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அந்தக் குட்டி ஏழு மீனுக்குக் கிழமைகளின் பெயரை வைத்தாள். எட்டாவதற்கு என்ன பெயர்? 'லீவு'!

பத்தாம் நாள் தண்ணீர் லேசாகப் பால் மாதிரி கலங்கியது. நண்பர் சுத்தக்காரர். மொத்தத் தண்ணீரையும் கொட்டினார். கல்லைத் தேய்த்தார். ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புப் போட்டு, குழாயடியில் வைத்துப் பிழிபிழியென்று பிழிந்தார். புதுத் தண்ணீர் பிடித்தார். மறுநாள் வியாழன் இறந்தது... அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அடுத்த ஞாயிறும் அதே அபிஷேகம். புதன் போயிற்று. திங்களும் போயிற்று. சனிக்கும் செவ்வாய்க்கும் ஒரே நாளில் மோட்சம்.

மகளிடம் அவர் சொல்லி வைத்த பொய்: ''அதெல்லாம் ஆத்துக்குப் போயிருக்கும்மா.''

''அப்போ நானும் ஆத்துக்குப் போயி புதனைப் பாக்கணும்!''

நண்பர் எனக்குப் போன் போட்டார். ''அண்ணாச்சி, ஒங்க மாமா மணிமுத்தாத்துல மீனு வளக்காருல்லா? இவளையும் கூட்டிட்டு ஒரு நட போயிட்டு வருவமா?''

போனோம். கல்லிடைக்குறிச்சியைத் தாண்டினால் மலை கிட்டே வந்துவிடுகிறது. மணிமுத்தாறு அணை, காமராஜர் முதல்வராக இருந்தபோது 1950-களில் கட்டி முடித்தது. 118 அடி நிற்கும். மீன்வளத்துறையின் மீன் பண்ணையும் இந்த ஊரில் உண்டு. அதனால் இங்கே மீனைப் பற்றிப் பேச ஆள் பஞ்சமே இல்லை. என் மாமா வீட்டுத் திண்ணையில் மட்டும் நாலு தொட்டி.

நண்பர் பாட்டிலில் கொண்டுவந்த தொட்டித் தண்ணீரை மாமா ஒரு சின்னக் குழாயில் ஊற்றினார். சொட்டு மருந்து விட்டார். குலுக்கினார். ஐந்து நிமிடம். மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாகிவிட்டது. அட்டையோடு ஒப்பிட்டார். அம்மோனியா 2 பி.பி.எம்! அதாவது, லிட்டருக்கு 2 மில்லிகிராம். இருக்க வேண்டியது பூஜ்யம்.

''ஸ்பாஞ்ச சோப்புப் போட்டா கழுவுனிய?''

''ஆமா... அழுக்கா இருந்துச்சுல்லா?''

''மருமவனே, ஒங்க சேக்காளிக்குச் சொல்லும். மேல அருவியில போயி நின்னா பாற வழுக்குதுல்லா? அந்த வழுவழுப்புலதான் சத்தெல்லாம் இருக்கு. அதத் தேச்சுக் கழுவிட்டு, ஆறு சுத்தமாயிட்டுன்னு சொன்னா எப்படி?''

மணிமுத்தாறு அருவியில் குளித்தவர்களுக்கு அந்தப் பாறை தெரியும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்த அருவி, தண்ணீரை உடைத்து உடைத்துக் காற்றைக் கலக்கிறது. நனைந்த பாறையில் பாசியும் பாக்டீரியாவும் படலமாக ஒட்டிக்கொண்டு, வருகிற கழிவைத் தின்கின்றன. வீட்டுத் தொட்டியின் ஃபில்டர் என்பது இதன் மினி எடிஷன். மோட்டார் அருவி, ஸ்பாஞ்ச் பாறை. நம் குமாஸ்தாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் குடித்தனம். நண்பர் வாராவாரம் அந்தக் குடித்தனத்தையே காலி செய்திருக்கிறார். சோப்பு பாதி, குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீதி. ஒரு மாதமாகியும் அவருடைய தொட்டிக்கு இன்னும் முதல் நாள்தான்!

மாமா தன் பழைய தொட்டியின் ஃபில்டரிலிருந்து கருத்த ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துப் பாதியாக வெட்டி, அதே தொட்டித் தண்ணீரோடு பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தார். ''இதக் கொண்டுபோயி ஒங்க ஃபில்டர்ல வையுங்க. பாலுக்கு ஒற ஊத்துத மாதிரிதான்.''

கிளம்பும்போது அந்தக் குட்டி கேட்டே விட்டாள். ''தாத்தா, புதன் ஒங்க ஆத்துலதான இருக்கு?''

நண்பர் தரையைப் பார்த்தார். மாமா குனிந்து சொன்னார்: ''இல்ல தாயி. அது செத்துப் போச்சு. மிச்சம் மூணு இருக்குல்லா, அத நாம பாத்துக்கிடுவோம்.''

அவள் அழவில்லை. பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு யாரிடமும் கொடுக்காமல் வந்தாள்.

அந்த வாரமே வெள்ளியும் போயிற்று. செவுள் ஏற்கெனவே புண்ணாகியிருந்தது. தேறியவை இரண்டே இரண்டு. ஞாயிறும் லீவும். ஆபீஸ்காரர் வீட்டில் வேறெது தேறும்?

சரி, தொட்டி வைத்திருப்பவர்கள், வைக்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொள்ளளவு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 55 லிட்டர். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர். இதில் முதல் மாதம் இரண்டு மூன்று மீன் போதும். மீதிக் கூட்டத்தைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

இரண்டாவது, சோதனை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.ஹெச். இந்த நாலுக்கும் சொட்டு மருந்து கிட் கடைகளில் கிடைக்கிறது. முதல் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டியூப் லைட் ஏமாற்றும். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் இறங்கி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் குமாஸ்தாக்கள் டூட்டியில் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பி.ஹெச். ஏன் என்றால், அது 7-லிருந்து 8-க்குப் போனால் அதே அம்மோனியாவின் விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. வெயில் ஏறினாலும் விஷம் ஏறும். நம்ம ஊர் சித்திரையில் ஜாக்கிரதை!

மூன்றாவது, தண்ணீர் மாற்றுவது. சாதாரணமாக வாரம் ஒருமுறை கால் பங்கு. 45 லிட்டருக்கு 11 லிட்டர். ஒரு வாளிகூட நிறையாது. சோதனையில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ அரை பி.பி.எம்.மை எட்டினால் அன்றைக்கே மாற்றுங்கள். கணக்கு சுலபம். 2 பி.பி.எம். இருக்கும்போது கால் பங்கு மாற்றினால் 1.5 ஆகும். பாதி மாற்றினால் 1. அதனால் ஆபத்தில் பாதி, மறுநாள் சோதித்து மறுபடி பாதி. கூடவே ஓரிரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். மீன் விரதத்தால் சாகாது, விருந்தால்தான் சாகும்.

நான்காவது, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் பிளீச்சிங் பவுடரின் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்கு, போட்டோ ஸ்டூடியோக்களில் ஒரு காலத்தில் புழங்கிய அதே ஹைப்போ ஒரு துளி, கடையில் சொல்லும் அளவில். பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும். ஆற்றுத் தண்ணீருக்குப் பழகிய மீனைத் திடீரென்று உப்பு கூடிய போர் தண்ணீருக்கு மாற்றாதீர்கள்.

ஐந்தாவது, ஸ்பாஞ்ச். தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். சோப்பு கூடவே கூடாது! நோயில்லாத தொட்டியிலிருந்து ஒரு துண்டு பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் காயவிடாதீர்கள்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது நமக்கு வணக்கம் சொல்லவில்லை. உடனே கிட்டை எடுங்கள், வாளியை எடுங்கள். தொட்டியை மொத்தமாகக் கவிழ்க்க மட்டும் கை பரபரத்தால், அந்த வேகத்தில் உங்கள் ஆபீஸ் மேஜையைச் சுத்தம் செய்யுங்கள். அங்கே எந்த உயிருக்கும் ஆபத்தில்லை!